பழ ஈயின் வயிற்றுப்புறத்திலிருந்து நோயெதிர்ப்பு வரை: கேத்ரின் ஆண்டர்சனின் ஆய்வுப் பாதை

கேத்ரின் ஆண்டர்சன் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை, பெயரை மறைத்து ஓர் உயிரியல் மாணவரிடம் கொடுத்தால், இவை மூன்று வெவ்வேறு ஆட்கள் எழுதியவை என்றுதான் சொல்வார். 1980களின் கட்டுரைகள் பழ ஈயின் முட்டையைப் பற்றியவை: கருவில் முதுகு எது, வயிறு எது என்பது எப்படி முடிவாகிறது? 1990களின் பிற்பகுதியில், அதே ஈ பாக்டீரியாத் தொற்றை எப்படிச் சமாளிக்கிறது என்ற கேள்வி வருகிறது. 2000க்குப் பிறகு பேச்செல்லாம் சுண்டெலிக் கருவின் நரம்புக்குழாயைப் பற்றியும், செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிலியா என்னும் நுண்மயிர்களைப் பற்றியும். கருவளர்ச்சியியலாளர்கள் அவரைத் தங்களில் ஒருவர் என்கிறார்கள். நோயெதிர்ப்பியலில் டோல் என்ற மரபணுவின் பெயரை உச்சரிக்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அவர் கைபட்ட ஒரு கதையைத்தான் தொடர்கிறார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டுவது ஒரு வேலைமுறை. எந்த மரபணு முக்கியம் என்று முன்கூட்டியே ஊகிக்காமல், மரபணுத் தொகுதி முழுவதிலும் கண்டபடி பிறழ்வுகளை, அதாவது மரபணுக்களில் மாற்றங்களை, உண்டாக்க வேண்டும். பிறக்கும் சந்ததியில் எது கோணலாகியிருக்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கோணலிலிருந்து பின்னோக்கி நடந்து, பழுதான மரபணுவைப் பிடிக்க வேண்டும். முன்னோக்கு மரபியல் என்று இதற்குப் பெயர். ஆண்டர்சன் இதை ஈயிலும் பிறகு சுண்டெலியிலும் விடாப்பிடியாகக் கையாண்டார். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தவை. அதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதைக் கேட்காமலேயே விடை தரும் முறை அது. அதனால்தான் எதிர்பாராத விடைகள் வந்தன.

அவர் 1952இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் பிறந்தவர். பெர்க்லியில் உயிர்வேதியியல் படித்தார். ஸ்டான்ஃபோர்டில் நரம்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, அதை முடிக்காமல் ஆய்வுக்கே திரும்பினார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஈயின் கருவில் ஆர்.என்.ஏ. எந்த வேகத்தில் உருவாகிறது என்பதை அளந்து முனைவர் பட்டம் வாங்கினார். அங்கிருந்து 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் நகருக்கு, ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்த கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட்டின் ஆய்வகத்துக்குச் சென்றார். ஆர்.என்.ஏ.யைக் கையாளத் தெரிந்த ஒருவர், பிறழ்வுற்ற ஈக்கள் குவிந்து கிடந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் இந்தக் கதையின் முதல் திருப்பம்.

ஊசி குத்திய இடமே வயிறு

பழ ஈயின் முட்டை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். முட்டையிட்ட முதல் சில மணி நேரத்தில் கரு தனித்தனிச் செல்களாகப் பிரிவதில்லை. பொதுவான ஒரே சைட்டோபிளாசத்துக்குள் உட்கருக்கள் மட்டும் இரட்டித்துக்கொண்டே போய், கருவின் விளிம்புக்கு வந்து வரிசையாக நிற்கும். அந்த நிலையிலேயே எந்த உட்கரு தசையின் பக்கம் போகும், எது நரம்பாகும், எது முதுகுத் தோலாகும் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும். அடிப்புறத்தில் இருப்பவை தசை முதலான உள்ளுறுப்புத் திசுக்களுக்கும், பக்கவாட்டில் இருப்பவை நரம்பு மண்டலத்துக்கும், மேற்புறத்தில் இருப்பவை முதுகின் மேல்தோலுக்கும் போகும்.

இந்த முடிவை எடுப்பது கருவின் சொந்த மரபணுக்கள் அல்ல, தாயின் மரபணுக்கள். தாய் ஈயில் குறிப்பிட்ட சில மரபணுக்களில் ஒன்று பழுதானாலும், தாய் நன்றாகத்தான் இருக்கும், முட்டையும் இடும். ஆனால் அந்த முட்டையில் வளரும் கருவுக்கு வயிறே இருக்காது. எல்லாப் பக்கமும் முதுகாகிவிட்ட ஒரு வெற்றுக் குழாயாக அது வளர்ந்து செத்துப்போகும். டார்சல், ஸ்நேக், ஈஸ்டர், ஸ்பேட்ஸ்லே, டியூப், பெல்லே, டோல் என்று இப்படிப் பத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் கிடைத்தன. டார்சல் தொகுதி என்று அவற்றை அழைத்தார்கள். எல்லாவற்றிலும் பழுதின் வெளித்தோற்றம் ஒன்றே. அப்படியானால் யார் முதலில், யார் பின்னால், யாருக்கு என்ன வேலை?

ஆண்டர்சன் கையில் எடுத்தது ஊசி. சாதாரணக் கருவிலிருந்து பிரித்த தூது ஆர்.என்.ஏ.யைப் பிறழ்வுற்ற கருவுக்குள் செலுத்தினால் பழுது சரியாகுமா என்று பார்த்தார். ஸ்நேக் பிறழ்வுள்ள முட்டைகளில் அது வேலை செய்தது. முதுகையும் வயிற்றையும் பிரிப்பதற்கான தகவலைத் தாய் ஆர்.என்.ஏ. வடிவில் முட்டைக்குள் வைத்துவிட்டுப் போகிறாள் என்பதை 1984இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை காட்டியது.

அடுத்த ஆண்டு செல் இதழில் வந்த சோதனையைத்தான் நான் அவருடைய வேலையிலேயே அழகானது என்பேன். ஈயின் முட்டை சீரான உருளை இல்லை. ஒரு பக்கம் சற்றே வளைந்து புடைத்திருக்கும், எதிர்ப்பக்கம் தட்டையாக இருக்கும். புடைத்த பக்கம்தான் கருவின் வயிறாகும். டார்சல் தொகுதியின் மற்றப் பிறழ்வுகளில், சாதாரண சைட்டோபிளாசத்தை எந்தப் பக்கத்தில் செலுத்தினாலும், குணமாகும் கருவின் வயிறு ஓட்டின் புடைத்த பக்கத்திலேயே உருவாகும். முட்டைக்குத் தன் வயிறு எங்கே என்று தெரியும். அதைச் செயல்படுத்தும் ஒரு பொருள்தான் குறைகிறது. டோல் பிறழ்வில் மட்டும் கதை வேறு. முதுகுப் பக்கத்தில் ஊசியைக் குத்தினால், அங்கே வயிறு உருவாயிற்று. விலாவில் குத்தினால் விலாவில் உருவாயிற்று. ஊசி எங்கே இறங்கியதோ அதுவே வயிறு. டோல் இல்லாத முட்டையில் திசை என்ற ஒன்றே இல்லை, திசையைக் கருவுக்குள் கொண்டுவருவதே டோல்தான் என்பது இதிலிருந்து தெரிந்தது.

டோலுக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. அந்த மரபணு செயலிழந்தால் கரு முழுவதும் முதுகாகிறது. ஆனால் வேறு வகைப் பிறழ்வுகளில் டோல் எப்போதும் விழித்தே இருக்கும். அப்போது கரு முழுவதும் வயிறாகிறது. ஒரே மரபணுவிலிருந்து நேரெதிரான இரண்டு விளைவுகள் கிடைப்பது மரபியலாளருக்குப் பெரிய வரம். எப்போதும் விழித்திருக்கும் டோலை மற்றப் பிறழ்வுகளோடு சேர்த்து, இரட்டைப் பிறழ்வுள்ள தாய்களை உண்டாக்கிப் பார்க்கலாம். ஸ்நேக், ஈஸ்டர் போன்றவை இல்லாமற்போனாலும் விழித்திருக்கும் டோல் தன் வேலையைச் செய்தது. ஆகவே அவை டோலுக்கு முன்னால் வருபவை. டார்சல் இல்லாமற்போனால் டோல் எவ்வளவு விழித்திருந்தும் பயனில்லை. ஆகவே டார்சல் பின்னால் வருவது. ஒரு புரதத்தைக்கூடப் பிரித்தெடுக்காமல், இனக்கலப்பு செய்தே சமிக்ஞைப் பாதையின் வரிசையை எழுதிவிட முடிந்தது.

1985இல் ஆண்டர்சன் பெர்க்லியில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். 1988இல் கார்ல் ஹாஷிமோட்டோவும் அவரும் சக ஆய்வாளர்களும் டோல் மரபணுவைப் பிரித்தெடுத்து வரிசையைப் படித்தார்கள். அது செல்சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம்: ஒரு பகுதி வெளியே, ஒரு பகுதி உள்ளே. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெற்று உள்ளே கடத்தும் ஏற்பிக்குரிய அமைப்பு. ஆனால் அந்தப் புரதம் கருவின் அடிப்புறத்தில் மட்டும் குவிந்திருக்கவில்லை. கருவைச் சுற்றிலும் ஒரே சீராகப் பரவியிருந்தது. எல்லா இடத்திலும் இருக்கும் ஏற்பி ஒரு பக்கத்தில் மட்டும் எப்படி விழித்தெழுகிறது? விழிக்கச் செய்யும் பொருள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். அந்தப் பொருள்தான் ஸ்பேட்ஸ்லே என்று 1994இல் டோனல்ட் மோரிசாட்டோவும் ஆண்டர்சனும் காட்டினார்கள். முட்டை ஓட்டுக்கும் கருவின் சவ்வுக்கும் இடையில் உள்ள திரவத்தில் ஸ்பேட்ஸ்லே செயலற்ற வடிவில் மிதக்கிறது. வயிற்றுப்புறத்தில் மட்டும், ஒன்றையொன்று வெட்டித் தூண்டும் நொதிகளின் தொடர் ஒன்று நடந்து, கடைசியில் ஈஸ்டர் என்ற நொதி ஸ்பேட்ஸ்லேயை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு டோலைப் பற்றிக்கொள்கிறது. இந்த நொதித் தொடரைக் கண்டதும் உயிர்வேதியியலாளர்களுக்கு ரத்தம் உறைதல் நினைவுக்கு வந்தது. அங்கும் இதே மாதிரி நொதிகள்தான் ஒன்றையொன்று எழுப்பிவிடுகின்றன.

இரண்டு துறைகள் முட்டிக்கொண்ட இடம்

டோல் விழித்ததும் உள்ளே என்ன நடக்கிறது? டார்சல் என்ற புரதம் கரு முழுவதும் இருக்கிறது. காக்டஸ் என்ற இன்னொரு புரதம் அதை உட்கருவுக்குள் போகவிடாமல் வெளியே பிடித்து வைத்திருக்கிறது. டோலிலிருந்து வரும் சமிக்ஞை காக்டஸை அழிக்கிறது. விடுபட்ட டார்சல் உட்கருவுக்குள் நுழைந்து, மரபணுக்களை இயக்குகிறது. அடிப்புற உட்கருக்களில் டார்சல் நிறைய, பக்கவாட்டில் குறைவு, மேலே இல்லவே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் உடலின் வரைபடம்.

இதே காலத்தில், ஈயைப் பற்றிக் கவலையே படாத ஆய்வாளர்கள் வெள்ளணுக்களில் வேறொன்றைக் கண்டார்கள். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் அடையாளம் கண்ட என்.எஃப்.-கப்பா பி என்ற புரதம், அழற்சிக்கும் தொற்றெதிர்ப்புக்கும் தேவையான மரபணுக்களை இயக்குவது. சாதாரண நேரத்தில் ஒரு தடுப்புப் புரதம் அதை உட்கருவுக்கு வெளியே கட்டி வைத்திருக்கும். தொற்று வந்தால் தடுப்பு அழிந்து அது உள்ளே போகும். அதன் மரபணு படிக்கப்பட்டபோது, ஈயின் டார்சலும் அதுவும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. தடுப்புப் புரதமும் காக்டஸும் உறவு. 1991இல் இன்னொன்று சேர்ந்தது: டோலின் உட்பகுதி, மனிதரில் காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும் இன்டர்லூகின்-1இன் ஏற்பியை ஒத்திருந்தது.

ஏற்பி, தடுப்பு, உட்கருவுக்குள் போகும் புரதம் மூன்றும் ஒத்துப்போகின்றன. ஒரு பக்கத்தில் வேலை கருவுக்கு வயிறு வைப்பது, மறுபக்கத்தில் வேலை கிருமியை எதிர்ப்பது. இந்த ஒற்றுமையைக் கண்டு பலரும் வியந்தார்கள். ஆனால் வியப்பு சான்றாகாது. வளர்ந்த ஈயில் டோல் நோயெதிர்ப்புக்குத் தேவையா என்று யாராவது சோதிக்க வேண்டியிருந்தது.

சோதனை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில், யூல்ஸ் ஹோஃப்மனின் ஆய்வகத்தில் நடந்தது. பூச்சிகள் தொற்றின்போது கிருமிக்கொல்லிச் சிறுபுரதங்களைச் சுரக்கின்றன என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். பாக்டீரியாவைக் கொல்லும் டிப்டெரிசின், பூஞ்சையைக் கொல்லும் டிரோசோமைசின் இரண்டும் அங்கே ஆராயப்பட்டவை. ப்ரூனோ லெமெத்ரும் சக ஆய்வாளர்களும், டோல் பாதை பழுதான வளர்ந்த ஈக்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைத் தொற்றவைத்தார்கள். அவற்றில் டிரோசோமைசின் போதிய அளவு சுரக்கவில்லை. ஈக்கள் சில நாட்களில் பூஞ்சைக்குப் பலியாயின. பூஞ்சையிழைகள் உடலைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, இறந்த ஈயைப் போர்வையாக மூடியிருக்கும் படம் 1996இல் செல் இதழில் வெளிவந்தது. அதைப் பார்த்த யாராலும் மறக்க முடியாது. அந்தச் சோதனைக்குத் தேவையான பிறழ்வுற்ற ஈக்கள், கருவின் வயிற்றைத் தேடி டூபிங்கனில் தொடங்கிய வேலையின் விளைச்சல்.

மனிதப் பக்கத்திலும் ஒருவர் காத்திருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஜேன்வே, நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளைக் கண்டவுடன் கிளர்ந்தெழுவதில்லை, அது கிருமியிடமிருந்து வந்தது என்பதற்கான அடையாளமும் தேவை, அதை உணரும் பிறவியிலேயே அமைந்த ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று 1989இலேயே வாதிட்டிருந்தார். 1997இல் அவரும் ருஸ்லான் மெட்ஷிதோவும் மனிதரிலுள்ள டோலின் உறவுப் புரதம் ஒன்றை விவரித்தார்கள். அதைத் தூண்டினால் என்.எஃப்.-கப்பா பி விழிக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அது எந்தக் கிருமியை உணர்கிறது என்பது தெரியவில்லை.

அந்த விடை எலியிலிருந்து வந்தது. சி3எச்/ஹெச்இஜே என்ற ஆய்வக எலி வகை, பாக்டீரியா ஓட்டிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சுப்பொருளை மிகுதியாகச் செலுத்தினாலும் சாவதில்லை என்பது 1960களிலிருந்தே தெரியும். அந்த நச்சுதான் மனிதரில் உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி நிலையை உண்டாக்குகிறது. அதே எலிக்கு உண்மையான பாக்டீரியாத் தொற்று வந்தால், மற்ற எலிகளைவிட எளிதாக இறந்துவிடும். நச்சை உணராதவன் எதிரியையும் உணர மாட்டான். ப்ரூஸ் பாய்ட்லரின் குழு பல ஆண்டுகள் குரோமோசோமை அங்குலம் அங்குலமாகத் துழாவி, 1998இல் பழுதைப் பிடித்தது: டோல்-போன்ற ஏற்பி 4 என்ற புரதத்தில் 712ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் இருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதற்கு இத்தனை விளைவு. ஜேன்வே வாதிட்ட ஏற்பி கைக்குக் கிடைத்துவிட்டது.

மனிதரில் இப்படிப்பட்ட டோல்-போன்ற ஏற்பிகள் பத்து இருக்கின்றன. ஐந்தாவது ஏற்பி பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தை உணர்கிறது; மூன்றாவது, வைரஸ்கள் பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை, ஒன்பதாவது, பாக்டீரியா டி.என்.ஏ.யின் தனி அடையாளத்தை. ஈயின் பெல்லே புரதத்துக்கு மனிதரில் உறவான ஐராக்-4 பழுதான குழந்தைகள் 2003இல் விவரிக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சீழ் உண்டாக்கும் பாக்டீரியாத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வயது ஏறும்போது ஆபத்து குறைகிறது. முட்டையில் வயிற்றைக் காணாமற்போகச் செய்த ஒரு மரபணுவின் உறவு, குழந்தையின் ரத்தத்தில் நிமோனியாக் கிருமி பெருகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

யாரும் அதிகம் பேசாத பகுதி

டோலின் கதையைச் சொல்பவர்கள் ஆண்டர்சனை முதல் அத்தியாயத்தில் அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு ஸ்ட்ராஸ்பூர்குக்கும் யேலுக்கும் போய்விடுகிறார்கள். அவர் நோயெதிர்ப்பிலும் நேரடியாக வேலை செய்தார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1996இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்துக்கு மாறிய அவர், ஈயின் நோயெதிர்ப்பிலும் தன் பழைய முறையையே கையாண்டார். ஈக்களில் கண்டபடி பிறழ்வுகளை உண்டாக்கி, பாக்டீரியாவைத் தொற்றவைத்து, டிப்டெரிசின் மரபணு இயங்காதவற்றைத் தேடினார்கள். டோலையோ அதன் உறவினர்களையோ குறிவைத்துப் போகவில்லை. பாக்டீரியாவை எதிர்க்க எது தேவை என்று ஈயையே சொல்லவிட்டார்கள்.

கிடைத்தவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, தடுப்புப் புரதங்களை அகற்றத் தொடங்கும் ஐ-கப்பா-பி கைனேஸ் என்ற நொதி. 2001இல் வந்த கட்டுரை, ஈயின் பாக்டீரியா எதிர்ப்புக் கிளைக்கு அது தேவை என்று காட்டியது. இரண்டாவது, 2002இல் சயன்ஸ் இதழில் வெளியானது: பாக்டீரியாச் சுவரின் பெப்டிடோகிளைக்கனை உணரும் பி.ஜி.ஆர்.பி.-எல்சி என்ற புரதம். அதே நேரத்தில் வேறு இரண்டு குழுக்களும் வேறு வழிகளில் அதே புரதத்துக்கு வந்து சேர்ந்தன.

இந்த இரண்டாவது முடிவின் கனத்தைச் சொல்லியாக வேண்டும். மனிதரில் டோல்-போன்ற ஏற்பிகளே கிருமியின் பாகங்களை நேரடியாகத் தொட்டு உணர்கின்றன. ஆகவே ஈயிலும் டோல்தான் கிருமியைத் தொடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஈயின் டோல் கிருமியைத் தொடுவதே இல்லை. கருவில் செய்ததையே தொற்றின்போதும் செய்கிறது, அதாவது வெட்டுப்பட்ட ஸ்பேட்ஸ்லேயைத்தான் பற்றுகிறது. கிருமியைத் தொட்டு அறியும் வேலை வேறு புரதங்களுக்கு. குறிப்பாக, கிராம்-நெகட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாவை எதிர்க்கும் கிளையே டோலைக் கடந்து தனியாக ஓடுகிறது. ஒற்றுமையைக் கண்டு ஆய்வை வடிவமைத்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படத் தாமதமாகியிருக்கும்.

டோலுக்கு எது மூத்த வேலை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. முதுகெலும்பிகளில் டோல்-போன்ற ஏற்பிகள் முதுகையும் வயிற்றையும் பிரிப்பதில்லை. அதற்கு வேறு சமிக்ஞைகள் உண்டு. டோலை உடலமைப்புக்கு இப்படிப் பயன்படுத்துவது பூச்சிகளில்தான் தெரிகிறது, அங்கும் எல்லாப் பூச்சிகளிலும் அதே அளவில் இல்லை. ஆகவே கிருமியை எதிர்ப்பதே பழைய வேலை, பூச்சிகளின் வழியில் அது கருவுக்கும் கடன் வாங்கப்பட்டது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் மனிதர்கள் டோலை அதன் இளைய வேலையின் வழியாகத்தான் முதலில் அறிந்தார்கள்.

2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஹோஃப்மன், பாய்ட்லர், டென்ட்ரிடிக் செல்களைக் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மன் ஆகியோருக்குக் கிடைத்தது. ஜேன்வே 2003இலேயே காலமாகியிருந்தார். அவரும் மெட்ஷிதோவும் செய்த பங்கு உரிய இடம் பெறவில்லை என்று நோயெதிர்ப்பியலாளர்கள் சிலர் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடுதான். அதோடு இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும் என்பேன்: டோல் ஓர் ஏற்பி, அதை எழுப்புவது எது, அதற்கு முன்னும் பின்னும் யார் என்ற அடித்தளம் முழுவதையும் கட்டியதில் ஆண்டர்சனுக்கு இருந்த பங்கு, எந்தப் பரிசுரையிலும் ஒரு வரிக்குள் அடங்குவதில்லை.

ஈயால் சொல்ல முடியாதது

ஈயில் இவ்வளவு சம்பாதித்த ஒருவர் ஈயோடே இருந்துவிடுவார் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆண்டர்சன் 1990களில் சுண்டெலிக்கு மாறினார். அப்போது எலியில் பெரும்பாலோர் செய்தது எதிர்த்திசை வேலை: ஈயில் முக்கியம் என்று தெரிந்த மரபணுவை எலியில் தேடி, அதை நீக்கிப் பார்ப்பது. அந்த வழியில், ஈயில் இல்லாத எதுவும் கிடைக்காது. ஆண்டர்சன் ஆண் எலிகளுக்கு ஈ.என்.யூ. என்ற பிறழ்வூட்டும் வேதிப்பொருளைச் செலுத்தி, பேரப்பிள்ளைத் தலைமுறைகளில் கருக்களை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் உருவத்தை மட்டும் பார்த்துப் பிறழ்வுகளைப் பொறுக்கினார். எலி ஈயைப் போல நூற்றுக்கணக்கில் குட்டி போடுவதில்லை. கரு தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது. செலவும் பொறுமையும் பலமடங்கு தேவை.

பொறுக்கியவற்றில் விம்பிள், ஃபிளெக்ஸோ என்று பெயரிடப்பட்ட இரண்டு பிறழ்வுகள் இருந்தன. விம்பிள் கருக்களின் நரம்புக்குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், அடிப்பகுதியில் இருக்க வேண்டிய செல்கள் காணவில்லை. முதுகுத்தண்டாகப் போகும் அந்தக் குழாயில், அடியில் எந்த நரம்புசெல், மேலே எது என்பதை ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைதான் பிரிக்கிறது. ஆகவே பழுது ஹெட்ஜ்ஹாக் பாதையில் இருக்க வேண்டும். பாதையில் எந்த இடம்? டூபிங்கனில் செய்ததைப் போலவே, இரட்டைப் பிறழ்வுகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். ஹெட்ஜ்ஹாக்கின் ஏற்பியான பேட்ச்டு பழுதானால், கட்டுப்பாடில்லாமல் சமிக்ஞை ஓடி, குழாய் முழுவதும் அடிப்பகுதியாகிவிடும். பேட்ச்டு, விம்பிள் இரண்டும் சேர்ந்து பழுதான கரு, விம்பிள் மட்டும் பழுதான கருவைப் போலவே இருந்தது. ஆகவே விம்பிளின் இடம் பேட்ச்டுக்குப் பின்னால்.

பழுதான மரபணுக்களைப் பிடித்தபோது வந்த விடையை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டும் சிலியாவைக் கட்டியெழுப்பும் புரதங்களுக்கான மரபணுக்கள். முதுகெலும்பிகளின் பெரும்பாலான செல்களில் அசையாத ஒற்றைச் சிலியா ஒன்று உண்டு. அதைப் பரிணாமத்தின் மிச்சம், பயனற்ற உறுப்பு என்றே நீண்ட காலம் கருதிவந்தார்கள். டான்வே ஹுவாங்ஃபூ முதல் ஆசிரியராக 2003இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, அந்தச் சிலியா இல்லாமல் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையே இல்லை என்று காட்டியது. ஹெட்ஜ்ஹாக் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது ஈயில்தான். ஆனால் ஈயின் பெரும்பாலான செல்களுக்குச் சிலியா கிடையாது. அங்கே அந்தச் சமிக்ஞை சிலியா இல்லாமலே ஓடுகிறது. எத்தனை தலைமுறை ஈக்களை வளர்த்தாலும் இந்த விடை அங்கிருந்து வந்திருக்காது.

இரண்டாண்டுக்குள் வேறு குழுக்கள், ஹெட்ஜ்ஹாக் பாதையின் ஸ்மூத்தன்டு என்ற புரதம் சமிக்ஞை வந்ததும் சிலியாவுக்குள் நகர்வதைக் கண்ணாலேயே பார்த்தன. அப்புறம் பழைய மருத்துவப் புதிர்கள் பல அவிழ்ந்தன. சிறுநீரகக் கட்டிகள், விழித்திரைச் சிதைவு, கூடுதல் விரல்கள், மூளையமைப்புக் கோளாறுகள் ஆகியவை ஒரே குழந்தையிடம் சேர்ந்து வரும் நோய்க்குறித்தொகுதிகள் சிலியாக் கோளாறுகள் என்று புரிந்துகொள்ளப்பட்டன. ஆண்டர்சனின் ஆய்வகத்தில் ஹென்னின் என்ற எலிப் பிறழ்விலிருந்து கிடைத்த ஏ.ஆர்.எல்.13பி என்ற மரபணு, பின்னர் ஜூபெர் நோய்க்குறித்தொகுதி உள்ள மனிதர்களில் பழுதாகியிருக்கக் காணப்பட்டது. ஸ்மூத்தன்டைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து, அடித்தளச் செல் தோல் புற்றுநோய்க்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஆண்டர்சன் 2020 நவம்பர் 30 அன்று காலமானார். இன்று எலியின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முழுமையாக நீக்கி, விளைவைப் பதிவுசெய்யும் பன்னாட்டுத் திட்டம் நடக்கிறது. 2016இல் அதன் பெரிய அறிக்கையில் 1,751 மரபணுக்களின் முடிவுகள் இருந்தன. அவற்றில் 410 மரபணுக்களை நீக்கியபோது எலிகள் பிறக்கும் வயதையோ பால்குடி மறக்கும் வயதையோ எட்டவில்லை. இந்த முறையின் வேகம் கண்டபடி பிறழ்வூட்டும் முறைக்கு இல்லை. ஆனால் முழு நீக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு: கரு சீக்கிரமே இறந்துவிட்டால், பிற்பாடு அந்த மரபணு செய்யவிருந்த வேலைகள் எதையும் பார்க்க முடியாது. நோயெதிர்ப்பில் ஒரு மரபணுவுக்குப் பங்கு இருந்தாலும், வெள்ளணுக்கள் முதிரும் முன்பே கரு போய்விட்டால் அது தெரியப்போவதில்லை. ஃபிளெக்ஸோ பிறழ்வில், சிலியாவைக் கட்டத் தேவையான ஐ.எஃப்.டி.88 என்ற மரபணு முழுவதும் அழிந்திருக்கவில்லை, ஓரளவே நலிந்திருந்தது. இப்படி அரைகுறையாய்ப் பழுதான மரபணுக்களை வேண்டுமென்றே வடிவமைப்பது கடினம். எந்த அளவு நலிந்தால் எது வெளிப்படும் என்று முன்னால் யாருக்கும் தெரியாது. வேதிப்பொருளால் தாறுமாறாகப் பிறழ்வூட்டும்போது அவை தாமாகவே கிடைக்கின்றன. அதனால்தான் மரபணுவைத் துல்லியமாக வெட்டும் கருவிகள் கைக்கு வந்த பின்னும், சில ஆய்வகங்கள் எலிகளுக்கு ஈ.என்.யூ. செலுத்தி, கருக்களை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விடவில்லை.